ரவுண்டு ஏறவில்லையா? முதலில் மேகசினைக் கேளுங்கள்

எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைபிள்) மக்கர் செய்தால் ஃபயரிங் பாயின்ட்டில் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். காக்கிங் ஹேண்டிலைப் பிடித்து இழு இழு என்று இழுப்பார்கள். நாலு முறை இழுத்தால் நாலு நல்ல ரவுண்டு, அதாவது தோட்டா, மண்ணில் விழும். எதனால் நின்றது என்பதற்கு உள்ளே இருந்த சாட்சியும் அதோடு போய்விடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஸ்டாஃப், இது காலையிலேர்ந்து இப்பிடித்தான் மக்கர் பண்ணுது" என்றால் நான் எதைப் பார்த்துச் சொல்வது?

நான் கம்மவான்பேட்டைக்காரன். வேலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்வீசில் பல வருடம் ஆயுதப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. பென்ஷன் வந்த பிறகும் இந்தப் பக்கம் என்.சி.சி. முகாம் நடந்தால் கூப்பிடுவார்கள், போய் நிற்பேன். பிள்ளைகள் பெரும்பாலும் .22 ரைபிளில்தான் பழகியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும், கோளாறு வந்தால் கையிலேயே தெரிந்துவிடும். 7.62 எஸ்.எல்.ஆர். அப்படியில்லை. அடுத்த ரவுண்டை அதுவே எடுத்துக்கொள்ளும். எடுக்காமல் நின்றுவிட்டால் ஏன் என்று வெளியிலிருந்து தெரியாது. கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த நிலைமைக்குத்தான்.

பழைய ரைபிள்தான், ஒப்புக்கொள்கிறேன். பெல்ஜியத்துக்காரன் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைபிளின் நம்மூர்ப் பிறப்பு இது. 1962 சீனப் போரில் நம் ஆட்கள் .303ஐ வைத்துக்கொண்டு மலையில் நின்றார்கள். அதற்குப் பிறகு இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்த எஸ்.எல்.ஆர். கைக்கு வந்தது. பிறகு இன்சாஸ் ரைபிள் வந்து இதை ஓரம் கட்டியது. ஆனாலும் முகாம்களிலும் போலீஸ் பயிற்சியிலும் இதன் உயிர் இன்னும் போகவில்லை. இதில் கற்றுக்கொண்டவன் வெடிவாயுவின் பலத்தில் ஓடும் வேறு எந்த கேஸ் ரைபிளைக் கொடுத்தாலும் தடுமாற மாட்டான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். சுட்டதும் குண்டுக்குப் பின்னால் வரும் கேஸில் கொஞ்சம் பேரலின் மேலிருக்கும் துளை வழியாகப் பிஸ்டனை அடிக்கிறது. பிஸ்டன் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. ஸ்லைடு, பேரலின் பின்வாயை மூடும் பிரீச் பிளாக்கின் பின்பக்கத்தைத் தூக்கிப் பூட்டை விடுவித்து இழுத்துக்கொண்டு போகிறது. போகிற வழியில் எக்ஸ்ட்ராக்டர் காலி கோக்காவை (வெடித்த ரவுண்டின் பித்தளைக் கூடு) ரவுண்டு உட்காரும் சேம்பரிலிருந்து உருவுகிறது, இஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. பின்னால் போன கூட்டம் பட்டுக்குள் (தோளில் ஊன்றும் பின்கட்டை) இருக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கை அமுக்கி, அது உதைக்க, முன்னால் வருகிறது. வரும்போது ரவுண்டுகளை அடுக்கி வைக்கும் மேகசினின் மேல் ரவுண்டைத் தள்ளிச் சேம்பரில் ஏற்றி, பிரீச் பிளாக்கின் பின்பக்கம் கீழே இறங்கி லாக்கிங் ஷோல்டரில் உட்காருகிறது. கண் இமைப்பதற்குள் இத்தனையும். இதில் ஒரு வேலை அரைகுறையாக நடந்தால் பழி அடுத்த வேலையின் மேல் விழும். கோக்கா உருவப்படவில்லை என்றால் "ரவுண்டு ஏறலை" என்பீர்கள். கேஸ் போதவில்லை என்றாலும் அதையேதான் சொல்வீர்கள்.

கை வைக்கும் முன்

பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும். விரல் ட்ரிகரிலிருந்து வெளியே வரட்டும். கேடட்டாக இருந்தால் இடது கையைத் தூக்கிவிட்டு அப்படியே படுத்திருங்கள். எழுந்து, ரைபிளோடு திரும்பி, "ஸ்டாஃப், இங்க பாருங்க" என்று காட்டுகிறவனை விட ஆபத்தான ஆளை நான் எல்லையில் கூடப் பார்த்ததில்லை.

ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். சில ரவுண்டு தாமதமாக வெடிக்கும். அரை நிமிடமாவது பேரலை டார்கெட் பக்கமே வைத்துக் காத்திருங்கள். அப்புறம் சேஃப்டி, அதன் பின் மேகசின் வெளியே, அதற்கும் பிறகுதான் காக்கிங் ஹேண்டில். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசினைக் கழற்றாமல் இழுத்தால் நீங்கள் காலி செய்ததாக நினைக்கும் சேம்பரில் புது ரவுண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். (சண்டையில் இருக்கும் ஜவானுக்குச் சொல்லித்தரும் இம்மீடியட் ஆக்ஷன், அதாவது ஐ.ஏ., வேறு. அவன் மேகசினோடே இழுப்பான், அவனுக்கு அரை நிமிடம் கிடையாது. நமக்கு இருக்கிறது.)

இன்னொன்று. வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொசுக்' என்று கேட்டால், தோளில் உதையும் வரவில்லை என்றால், அன்றைக்கு அந்த ரைபிளின் வேலை முடிந்தது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும். காலி செய்து, ரைபிளின் உடலை மடக்கித் திறந்து, ஸ்லைடையும் பிரீச் பிளாக்கையும் வெளியே எடுத்து, பேரலின் பின்வாய்க்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சம் படும்படி காட்டி, முன்னாலிருந்து பாருங்கள். நகத்தின் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா? ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரரிடம் போகட்டும்.

முதல் ரவுண்டே ஏறவில்லை

மேகசின் போட்டாயிற்று, காக் பண்ணியாயிற்று, ட்ரிகர் அழுத்தினால் வெறும் 'டொக்'. மேகசினைக் கழற்றி இழுத்துப் பார்த்தால் சேம்பரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பத்தில் ஒன்பது முறை இது மேகசின் சரியாக உட்காராத கதை. எஸ்.எல்.ஆர். மேகசினை நேராகக் குத்தக் கூடாது. முன்பக்க மூக்கை முதலில் மாட்டி, பின்பக்கத்தை உள்நோக்கிச் சாய்த்தால் கேட்ச் 'டக்' என்று விழும். சத்தத்தை நம்பாமல் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது மாட்டியிருக்கவில்லை. அரைகுறையாக மாட்டிய மேகசினில் மேல் ரவுண்டு ஒரு நூல் தாழ்ந்து நிற்கும். பிரீச் பிளாக் அதன் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

20 ரவுண்டு பிடிக்கும் மேகசினில் 20ஐயும் அடைத்தால் மூடிய பிரீச் பிளாக்கின் அடியில் அதை மாட்டுவதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும். பழைய ஆட்கள் பலர் 18உடன் நிறுத்திக்கொள்வார்கள். முகாமில் ஐந்தும் பத்தும்தான் கொடுப்பார்கள் என்பதால் உங்களுக்கு இந்தக் கவலை வராது.

காக்கிங் ஹேண்டிலைப் பயந்து பயந்து முன்னால் கொண்டுபோய் விடுவதும் ஒரு காரணம். முழுக்கப் பின்னால் இழுத்து, சட்டென்று விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யட்டும். குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலக் கையோடு கொண்டுபோனால் ரவுண்டு பாதி வழியில் நிற்கும்.

ஒன்று வெடித்தது, அடுத்தது 'டொக்'

எஸ்.எல்.ஆரின் சொந்த வியாதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முதல் ரவுண்டு நன்றாக வெடிக்கிறது. கோக்காவும் வெளியே விழுகிறது. அடுத்து ட்ரிகர் அழுத்தினால் காலிச் சேம்பரில் ஹேமர் விழுகிறது. காக் பண்ணினால் மறுபடி ஒன்று வெடிக்கும், மறுபடி நிற்கும். மேகசினைக் கழற்றிப் பார்த்தால் ரவுண்டெல்லாம் அழகாக வரிசையில் இருக்கிறது. உடலுக்குள் எதுவும் சிக்கவில்லை.

ஸ்லைடு பின்னால் போயிருக்கிறது, ஆனால் போக வேண்டிய தூரம் போகவில்லை. கோக்காவை எறியும் அளவுக்குப் போய், அடுத்த ரவுண்டின் பின்பக்கத்தைத் தாண்டும் முன் திரும்பிவிட்டது. கேஸ் போதவில்லை. உறுதி செய்துகொள்ள, கோக்கா எங்கே விழுகிறது என்று பாருங்கள். நன்றாக ஓடும் ரைபிள் வலது பக்கம் நாலைந்து எட்டு தள்ளி வீசும். காலி கோக்கா முழங்கைக்குப் பக்கத்தில் சோர்ந்து விழுந்தால் ரைபிளுக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

எல்லோரும் உடனே கேஸ் ரெகுலேட்டரில் கை வைப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் கேஸ் பிளக்கைப் பாருங்கள், ஃபோர்சைட்டுக்கு (முன் குறி) பக்கத்தில் இருக்கும் அடைப்பு. அதை ஒரு பக்கம் வைத்தால் கேஸ் பிஸ்டனுக்குப் போகும். தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கேஸ் அடைபட்டுவிடும், அது கிரனேடு எறிவதற்கான நிலை. துடைத்துவிட்டு மாட்டும்போது மாற்றிப் போட்டுவிட்டால் ரைபிள் சுடும், ஆனால் தானாக எதுவும் நகராது, கோக்கா கூட வெளியே வராது. 'ஏ' எழுத்து மேலே தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு மணி நேரம் ரெகுலேட்டரைத் திருகித் திருகி ஓய்ந்துபோன ஒரு பயிற்சி உஸ்தாதுக்கு இதை மெதுவாகக் காதில் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவர் அன்று மதியம் முழுவதும் என்னோடு பேசவில்லை.

அடுத்தது பிஸ்டன். பிளக்கைக் கழற்றி, பிஸ்டனையும் அதன் ஸ்பிரிங்கையும் வெளியே எடுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மட்டும் திரும்ப உள்ளே விட்டு ரைபிளைச் சாய்த்தால் தன் எடையிலேயே அது வழுக்கிப் போக வேண்டும். தயங்கினால் கரி படிந்திருக்கிறது, அல்லது பிஸ்டன் தண்டு வளைந்திருக்கிறது. கரியைச் சுரண்டித் துடையுங்கள். துடைத்த பின் அங்கே எண்ணெய் வேண்டாம். கேஸ் சிலிண்டருக்குள் விட்ட எண்ணெய் சூட்டில் எரிந்து இன்னும் கரியாகும். மற்ற இடத்துக்கு எண்ணெய், இந்த இடத்துக்கு உலர்ந்த சிந்தி, அதாவது துடைக்கும் துண்டுத் துணி.

இதெல்லாம் சரி என்றால் ரெகுலேட்டர். இதில் ஒரு குழப்பம் உண்டு. 'திறந்தால் கேஸ் அதிகம்' என்றுதான் மனசு சொல்லும். இங்கே நேர்மாறு. ரெகுலேட்டர் என்பது வேண்டாத கேஸை வெளியே விடும் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கேஸ் வீணாகிறது, மூடினால் பிஸ்டனுக்கு அதிகம் கிடைக்கிறது. எனவே முழுக்கத் திறந்த நிலையிலிருந்து தொடங்கி, மேகசினில் இரண்டு ரவுண்டு போட்டு, முதலாவதைச் சுட்டதும் இரண்டாவது தானாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஒரு கிளிக் மூடி மறுபடி. ஏறத் தொடங்கிய இடத்தில் நின்றுவிடாமல், இன்னும் இரண்டு கிளிக் மூடி அங்கே விட்டுவிடுங்கள். ரைபிள் சூடாகி அழுக்கேறும்போது அந்த இரண்டு கிளிக் கை கொடுக்கும். ஒரேயடியாக முழுக்க மூடிவிட்டால் வம்பே இல்லையே என்று கேட்பவர்களுக்கு: உதை கூடும், உறுப்புகள் அடி வாங்கும், கோக்காவின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் பிய்த்துவிடும். இந்த வேலையை ஸ்டாஃபோ ஆர்மரரோதான் செய்ய வேண்டும், கேடட் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

குண்டு மூக்கு முட்டி நிற்கிறது

பிரீச் பிளாக் பாதியில் நிற்கிறது. திறந்து பார்த்தால் மேகசினிலிருந்து கிளம்பிய ரவுண்டு சேம்பருக்குள் போகாமல் வாசலில் முட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் கவனியுங்கள். அதற்குப் பிறகு எடுங்கள்.

மூக்கு கீழே குத்திக்கொண்டிருந்தால் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே மண் போய் ரவுண்டுகளை மேலே தள்ளும் ஃபாலோயர் சிக்கிக்கொண்டிருக்கிறது. காலி மேகசினில் ஃபாலோயரை விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள், தடையில்லாமல் துள்ளி மேலே வர வேண்டும். மூக்கு வானத்தைப் பார்த்திருந்தால், அல்லது ஒன்றுக்குப் பதில் இரண்டு ரவுண்டு கிளம்பி வந்திருந்தால், மேகசின் வாயின் உதடுகள் விரிந்திருக்கின்றன. கான்கிரீட் தரையில் தலைகீழாக விழுந்த மேகசினுக்கு இதுதான் நடக்கும். கட்டிங் பிளேயரை வைத்து வளைத்துச் சரி செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒதுக்கி வையுங்கள்.

.303ல் பழகிய பழைய போலீஸ்காரர்கள் ஒரு தவறான மருந்து சொல்வார்கள்: "மேல் ரவுண்டோட விளிம்பு கீழ் ரவுண்டுக்கு முன்னால இருக்கணும் தம்பி." அது .303க்கு வேதவாக்கு, அதன் கோக்காவுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு. 7.62 ரவுண்டுக்கு அப்படித் துருத்திய விளிம்பே கிடையாது, அதனால் சிக்கிக்கொள்ளவும் வழியில்லை. ரவுண்டின் பின்பக்கம் மேகசினின் பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரவுண்டு போட்டு முடித்ததும் மேகசினின் பின்பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள்.

அப்புறம் நம்மூர் மண். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 1981ல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து உட்கார்ந்ததால் அதில் ஒன்று குறைந்தது. தண்ணி இல்லாத ஆற்றின் மணல் மட்டும் மூட்டை மூட்டையாக ரேஞ்சுக்கு வந்துவிடுகிறது. முழங்கைக்கு வைத்த மணல் மூட்டை கிழிந்திருக்கும், ரவுண்டு போட்ட மேகசினை அதன் மேலேயே சாய்த்து வைப்பார்கள். பாலாற்று மணல் கல்கண்டு மாதிரி பருமன். ஒரு பொட்டு ஃபாலோயருக்கும் சுவருக்கும் நடுவில் போனால் போதும். மேகசின் விரித்த துணி மேல், உதடு உங்கள் பக்கம் தெரியும்படி இருக்கட்டும்.

அதே மணல் மூட்டையால் இன்னொரு தொல்லையும் உண்டு. படுத்துச் சுடும்போது மேகசினின் அடியை மூட்டையில் ஊன்றிக்கொண்டு ரைபிளைத் தாங்க வைப்பார்கள். சிலர் இடது கையால் மேகசினையே பிடித்துக்கொள்வார்கள். அழுத்தத்தில் மேகசின் முன்னும் பின்னும் சாயும், ரவுண்டின் மூக்கும் அதோடு சாயும். மூட்டையிலிருந்து தூக்கிப் பிடித்துச் சுட்டால் அதே ரைபிள், அதே மேகசின் ஒழுங்காக ஓடும்.

சேம்பருக்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

இதையும் ரவுண்டு ஏறாத கோளாறு என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். புது ரவுண்டின் மூக்கு ஒரு காலி கோக்காவின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஏற்றுவதில் தவறே இல்லை, இறக்குவதில்தான் தவறு.

மேகசினை எடுத்துவிட்டுத் திறந்தபடி நிறுத்தும் சின்ன கேட்ச்சைப் போடுங்கள். தளர்ந்து கிடக்கும் ரவுண்டு கீழே விழட்டும். மாட்டிய கோக்காவின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு பிய்ந்திருந்தால் எக்ஸ்ட்ராக்டர் இழுத்திருக்கிறது, சேம்பர் விடவில்லை. சேம்பரில் கரி, துரு, காய்ந்த எண்ணெய். விளிம்பு கீறல் கூட இல்லாமல் இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கவே இல்லை. கொக்கி உடைந்திருக்கும், அதன் ஸ்பிரிங் செத்திருக்கும், அல்லது கொக்கியின் அடியில் பித்தளைச் சீவல் அடைத்திருக்கும். மூன்றாவதைத் தீக்குச்சி முனையால் நீங்களே எடுத்துவிடலாம். குடியாத்தத்துத் தீப்பெட்டி எப்படியும் யார் பையிலாவது இருக்கும். மற்ற இரண்டும் ஆர்மரர் வேலை. மாட்டிய கோக்காவைப் பேரல் வழியாகக் கம்பி விட்டுத் தட்டுவதும் அவர் கையால்தான்.

கோக்கா வெளியேறும் வாயில் ஊதுபத்தி மாதிரி செங்குத்தாக நின்றால் அதுவும் பாதிக்குப் பாதி கேஸ் குறைவுதான். மேலே சொன்னதைப் பாருங்கள்.

பிரீச் பிளாக் கடைசி நூல் மூட மாட்டேன் என்கிறது

ரவுண்டு சேம்பருக்குள் போய்விட்டது, ஆனால் ஸ்லைடு முழுக்க முன்னால் வரவில்லை. எஸ்.எல்.ஆரில் காக்கிங் ஹேண்டிலை முன்னால் தள்ளி மூட முடியாது. அது இழுக்க மட்டும்தான். நல்லதுதான், இல்லையென்றால் நம் ஆட்கள் செருப்பால் அடித்து மூடுவார்கள்.

ரவுண்டை வெளியே எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். நெளிவு இருந்தால் அந்த ரவுண்டு மட்டும்தான் குற்றவாளி. எந்த ரவுண்டைப் போட்டாலும் அதே இடத்தில் நின்றால் சேம்பருக்குள் ஏதோ இருக்கிறது. சில சமயம் முந்தைய கோக்கா நடுவில் அறுந்து, அதன் கழுத்து மட்டும் உள்ளேயே தங்கிவிடும். வெளியே வந்த கோக்கா வழக்கத்தை விடக் குட்டையாக இருக்கிறதா என்று தரையில் தேடிப் பாருங்கள். அதை எடுக்கத் தனிக் கருவி உண்டு, ஆணியால் நோண்டாதீர்கள். லாக்கிங் ஷோல்டரில் படிந்த அழுக்கும் பிரீச் பிளாக்கின் பின்பக்கத்தைக் கீழே இறங்க விடாது. ஒரு துணி போதும்.

ஒரு மார்கழி முகாமில் காலை ஏழு மணி டீட்டெயிலில் (ஒரே முறையில் சுடும் அணி) ஒரு ரைபிள் மூட மறுத்தது. இழுத்தால் கஞ்சிக்குள் கரண்டி போல நகர்ந்தது. மேகசின் மாற்றினோம், ரவுண்டு மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒதுக்கி வைத்தோம். பதினொரு மணிக்கு வெயில் ஏறிய பிறகு சும்மா எடுத்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மறுநாள் காலை மறுபடி அதே அடம். பட் நம்பரைப் பார்த்து அதைத் துடைத்த பையனைக் கூப்பிட்டு, "என்னடா எண்ணெய் போட்ட?" என்றேன். "கோத்துல (ஆயுத அறையில்) எண்ணெய் தீந்துபோச்சி ஸ்டாஃப். தலைக்கு வெச்சிருந்தத போட்டேன்." தேங்காய் எண்ணெய்! சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். சித்திரையில் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஆயுதத்துக்கு என்று கொடுக்கும் எண்ணெயைத் தவிர வேறெதுவும் வேண்டாம், அதுவும் விரலில் தடவினால் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். கத்திரி வெயிலில், கல் குவாரி தூசிக் காற்றில், சொட்டச் சொட்ட எண்ணெய் விட்ட ரைபிள் அரை மணியில் உப்புத்தாள் ஆகிவிடும்.

எண்ணெயும் சரி, சேம்பரும் சரி, ஆனாலும் சோம்பலாக மூடுகிறது என்றால் பட்டுக்குள் இருக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருக்கும். அதை மாற்றுவதும் ஆர்மரர்தான்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

மேகசின், ரவுண்டு, ரைபிள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் மேகசினை மட்டும் மாற்றுங்கள். கோளாறு மேகசினோடு போகிறதா, ரைபிளோடு நிற்கிறதா? நின்றால் வேறு பெட்டி ரவுண்டு. அப்புறமும் நின்றால்தான் ரைபிளைத் திறக்கலாம். சொல்வதற்கு எளிது. ரேஞ்சில் எல்லா மேகசினும் ஒரே கறுப்பு, ஒரே கீறல். ஒரு டீட்டெயில் முடிந்ததும் எல்லாம் ஒரே தார்ப்பாயில் குவிந்துவிடும். எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முகாமில் ஆறாம் லேன் ரைபிளை எல்லோரும் ராசியில்லாதது என்று ஒதுக்கினார்கள். அடுத்த டீட்டெயிலில் இரண்டாம் லேன் நின்றது. அதற்கடுத்து எட்டு. ரவுண்டு பெட்டிதான் மோசம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு கேடட் பெண், "ஸ்டாஃப், மேகசினுக்கு நம்பர் போட்டா தெரிஞ்சிடுமே" என்றாள். எதை வைத்துப் போடுவது என்றேன். தங்கியிருந்த அறைக்கு ஓடிப்போய் நெயில் பாலிஷ் பாட்டிலோடு வந்தாள். முகாமில் அது வைத்திருக்கக் கூடாது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஒவ்வொரு மேகசினின் அடித்தட்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிவப்புப் பொட்டு வைத்தாள். அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. ரைபிள் எல்லாம் நிரபராதி, ரவுண்டு பெட்டியும் நிரபராதி. ஏழு பொட்டு வைத்த மேகசின் எந்த லேனுக்குப் போனாலும் மூன்றாவது ரவுண்டில் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. இடது உதடு ஒரு நூல் விரிந்திருந்தது.

அந்த மேகசினை ஃபயரிங்குக்கு விடுவதில்லை. ஆனால் கோத்தில் எழுதித் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முகாமிலும் முதல் நாள் அதில் வெடிக்காத டிரில் ரவுண்டு போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். மூன்றாவது ரவுண்டில் தவறாமல் நிற்கும். திறந்து, "மூக்கு எந்தப் பக்கம் பாக்குது சொல்லு" என்பேன்.